மூன்று தலைநகரங்களுக்கு ஒரு சம்மதக் கடிதம்

மாமனார் வியன்னாவுக்கு டியூட்டி ஷீட் போட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருடம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்ற அன்று கொண்டுவந்த பழைய தாள்களில் ஒரு கட்டு இன்னும் மீதி இருக்கிறது. தடம் எண், புறப்பாடு, வருகை, ஓய்வு என்று கட்டம் போட்டு அச்சடித்தவை. தடம் எண் என்ற இடத்தில் பென்சிலால் ‘வியன்னா’ என்று எழுதியிருந்தார். புறப்பாடு 06.10. அரண்மனை 09.00. சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். எதிரே என் மகள் மேசையில் முழங்கையை ஊன்றி ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வயது. வாண்டு என்று கூப்பிடுவோம்.

“தாத்தா, அரண்மனைக்கு முக்கால் மணி நேரம் போதுமா?”

“ராஜா இருக்காரா?”

“இல்ல. செத்துட்டாரு.”

“அப்புறம் என்ன? சுத்திப் பாத்துட்டு வந்துகிட்டே இருக்கலாம்.”

இந்த வீட்டில் ‘செத்துட்டாரு’ என்ற சொல்லை ராஜாக்களுக்கு மட்டும்தான் பயன்படுத்துகிறோம்.

பயணம் வாண்டுவால் வந்தது. விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள் என்று வகுப்பில் வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தி கடற்கரை என்றாள். ஒருவன் பெரியப்பா வீடு என்றான். இவள் முறை வந்ததும் எழுந்து நின்று “மூணு தலைநகரம்” என்று சொல்லி, பெயரையும் சொல்லிவிட்டாள். வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட். வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் அந்த மூன்று என்று பிறகு என்னிடம் விளக்கினாள். ஆசிரியை நம்பிவிட்டார். ‘பயணத்துக்கு வாழ்த்துகள்’ என்று டைரியில் எழுதி அனுப்பினார். நான் படிக்காமலே கீழே கையெழுத்துப் போட்டேன். என் மனைவியின் கையெழுத்தை.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்பவள். காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவாள். வாண்டுவுக்கோ டைரி ஞாபகம் ஷூ மாட்டும்போதுதான் வரும். பள்ளியில் கொடுத்திருந்த மாதிரிக் கையெழுத்து அவளுடையது மட்டும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை உட்காரவைத்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பழக்கிவிட்டாள். “பேங்க்ல மட்டும் போட்டுடாதீங்க, சாமி” என்றாள். மூன்று வருடம் போட்டேன். அவள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. மூளையில் ஒரு ரத்தக்குழாய். வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே விழுந்தாள். அதற்குப் பிறகும் போடுகிறேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. வகுப்பு ஆசிரியை வீட்டுக்கு வந்து என் முன்னால் அழுதுவிட்டுப் போனவர். அவரும் டைரியைப் பார்க்கிறார். எதுவும் கேட்டதில்லை. மாமனாருக்கு இது தெரியாது.

“அம்மா கையெழுத்துப் போட்டாச்சுல்ல? அப்ப போய்த்தானே ஆகணும்” என்றாள் வாண்டு அன்று மாலை. என்னிடம் மட்டும், மெதுவாக.

போகத்தான் வேண்டுமா என்று மாமனாரிடம் கேட்டேன். பதிலை எதிர்பார்த்து அல்ல, யாராவது வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நல்லது என்று. அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“போவோம் மாப்ள. ஊர்ல இருக்கறவன் அத்தன பேரையும் நேரத்துக்கு ஏத்தி அனுப்பினேன். நானும் ஒரு தடவ ஏறி உக்காரணும்ல?”

டிராவல்ஸ் அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. முதல் தடவை நான் மட்டும் போனேன். கண்ணாடி மேசைக்குப் பின்னால் ஒரு பெண் இரண்டு தொலைபேசிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். எத்தனை பேர் என்று கேட்டார். நாலு என்றேன். பிறகு மூன்று என்றேன். அவர் அடித்துவிட்டு எழுதினார். மூன்று நாட்டுக்கும் ஒரே விசா போதும், ஆனால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும் என்றார். மாமனார் ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு இரவு என்று சமமாகப் பிரித்துவைத்திருந்தார். சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாடு. முதலில் இறங்குவது விமானம் மாறும் ஊரா, தங்கும் ஊரா என்று கேட்டேன். அவர் விளக்கினார். தலையாட்டினேன். படியிறங்கும்போதே மறந்துவிட்டது. எனக்கு இப்போது எல்லாமே இப்படித்தான். ஒவ்வொரு வாக்கியமும் புரிகிறது. சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் நிற்பதில்லை.

கிளம்பும்போது கேட்டார். “மேடம் வரலையா சார்?”

“வரல.”

“லீவு கிடைக்கலையா? எல்லா வீட்லயும் இதே கதைதான். அப்பாங்க ஜாலியா கிளம்பிடுவீங்க.”

சிரித்தேன் என்று நினைக்கிறேன். பதினாறு ஆவணங்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்தார். ஒன்பதாவது, குழந்தையுடன் வராத பெற்றோரின் சம்மதக் கடிதம். பதினான்காவது, பெற்றோரில் ஒருவர் இறந்திருந்தால் அதற்கான சான்றிதழ்.

நான் தராசுகளைச் சரிபார்க்கும் நிறுவனத்தில் இருக்கிறேன். காய்கறிக் கடைத் தராசிலிருந்து லாரி ஏறும் தராசு வரை. ஒரு கிலோ கல்லை வைப்பேன், முள்ளைப் பார்ப்பேன், எழுதுவேன். இரண்டு கிலோ, ஐந்து கிலோ. கடைசியில் கம்பி கோத்து முத்திரை வைப்பேன். பட்டியல் ஒன்று கையில் இருந்தால் கை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நான் தேவைப்பட மாட்டேன். ஞாயிறு காலை அப்படித்தான் உட்கார்ந்தேன். பாஸ்போர்ட், டிக். போட்டோ, டிக். ஒன்பதாவது வந்ததும் ஒரு வெள்ளைத் தாள் எடுத்தேன். ‘என் மகள் தன் தந்தையுடனும் தாத்தாவுடனும் வெளிநாடு சென்றுவர எனக்கு முழுச் சம்மதம்.’ கீழே என் மனைவியின் பெயர், கையெழுத்து, அன்றைய தேதி. டிக். பதினான்காவது வந்ததும் அலமாரியைத் திறந்து சான்றிதழின் நகல்களில் ஒன்றை எடுத்துவைத்தேன். டிக். ஏதோ தப்பாக இருக்கிறது என்று தோன்றியது. முதலிலிருந்து எண்ணிப் பார்த்தேன். பதினாறும் இருந்தன.

இரண்டாவது தடவை மூன்று பேரும் போனோம். மறுநாள் காலை விசா அலுவலகத்தில் எங்களுக்கு நேரம் கிடைத்திருந்தது. அதை விட்டால் விடுமுறை முடிந்த பிறகுதான். வாண்டு பள்ளியிலிருந்து நேராக வந்திருந்தாள். மாமனார் டியூட்டி ஷீட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துவந்து, டிராவல்ஸ் பெண்ணிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அங்க டிராம்ல கண்டக்டரே கிடையாதாமே? டிக்கெட்ட யாரும்மா கேப்பாங்க?”

“திடீர்னு யாராவது ஏறிக் கேப்பாங்க சார். இல்லன்னா அபராதம்.”

“அட, நம்ம செக்கிங் பசங்க. எல்லா ஊர்லயும் இருக்கானுங்க.”

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தாள்களைப் புரட்டினார். ஸ்பாஞ்சில் விரலை நனைத்து ஒவ்வொன்றாகத் திருப்பி, பார்த்து, கிளிப் போட்டார். ஒன்பதாவதைப் படித்து வைத்தார். பத்து, பதினொன்று. பதினான்காவதில் விரல் நின்றது. திரும்ப ஒன்பதாவதை எடுத்தார். இரண்டு தாள்களிலும் பெயரைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

“சாரி சார். எனக்குத் தெரியாது. லீவு அது இதுன்னு நான்பாட்டுக்கு ஏதோ பேசிட்டேன்.”

“நான் சொல்லல. பரவால்ல.”

இரண்டு தாள்களையும் கண்ணாடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குரலைத் தாழ்த்தினார். “இந்த ரெண்டுல ஒண்ணத்தான் வைக்க முடியும் சார். எதை வைக்கட்டும்?”

கேட்ட பிறகு அவருக்கே இது என்ன கேள்வி என்று பட்டிருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் இரண்டு தாள்களையும் பார்த்தேன். எதைச் சொல்ல வேண்டும் என்று தெரியும். ஆனால் கேள்வி எங்கிருந்தோ வருவதுபோல இருந்தது. சம்மதக் கடிதத்தில் பிழை இல்லை. சான்றிதழிலும் பிழை இல்லை. தனித்தனியே இரண்டும் சரிதான்.

மாமனார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். கையெழுத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தார். வரவே வராது என்று கைவிட்ட கடைசி பஸ்ஸின் வெளிச்சம் டிப்போ வாசலில் திரும்பியதைப் பார்த்தவர்போல இருந்தது அந்த முகம்.

“இது எப்ப எழுதிக் குடுத்தா?”

நான் வாயைத் திறப்பதற்குள் தேதியையும் படித்துவிட்டார். வெளிச்சம் போய்விட்டது.

“நான் போட்டது மாமா.”

“நீங்களா?”

“அப்பா சூப்பரா போடுவாங்க தாத்தா” என்றாள் வாண்டு. “டைரில எல்லாம் அப்பாதான். அம்மாவே சொல்லிக் குடுத்தாங்க.”

மாமனார் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டினார். கையெழுத்தின் மேல் நகத்தை வைத்து, வளைவுகளின் மேல் ஒரு தடவை ஓட்டினார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மாப்ள.”

“என்னன்னு மாமா?”

“என்னன்னா... தெரியல.” நகத்தைத் தாளிலிருந்து எடுத்தார். பிறகு வாண்டுவிடம் சொன்னார். “உங்கம்மா மட்டும் என்ன. மார்க் குறைஞ்சா ரிப்போர்ட் கார்டுல என் கையெழுத்த அவளே போட்டுட்டுப் போயிடுவா.”

“நீங்க கண்டுபிடிக்கலையா?”

“எங்க கண்டுபிடிக்கிறது? என்னவிட நல்லா போட்டிருந்தா.”

வாண்டு சத்தமாகச் சிரித்தாள். டிராவல்ஸ் பெண் முகத்தைத் திருப்பி, அடிக்காத தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்து, திரும்பக் கீழே வைத்தார். மாமனார் கடிதத்தை நான்காக மடித்து டியூட்டி ஷீட்டுகளின் உறைக்குள் செருகினார். யாரிடமும் கேட்கவில்லை.

“அதுக்குப் பதிலா நீங்க ஒண்ணு எழுதித் தந்துடுங்க சார்” என்றார் அந்தப் பெண். “டைப் பண்ணது வேணாம், கையால. ரெண்டு வரி போதும். மனைவி இறந்துட்டாங்க, பொண்ணுக்கு நான் மட்டும்தான் இருக்கேன்னு. கீழ உங்க கையெழுத்து.”

“என் கையெழுத்தா?”

“உங்களதுதான் சார்.”

வெள்ளைத் தாளையும் பேனாவையும் தள்ளிவைத்தார். என் பெயரை எழுதினேன். முகவரி. வாண்டுவின் முழுப்பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். இதுவரை கை அதுபாட்டுக்குப் போனது. அடுத்த வரியை ‘என் மனைவி’ என்று தொடங்கினேன். நின்றுவிட்டது. இந்த வாக்கியத்தை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். மருத்துவர் எழுதினார். சான்றிதழ் கொடுத்த அலுவலர் எழுதினார். அவள் வேலை செய்த ஆய்வகத்தில் சுற்றறிக்கையாக எழுதி ஒட்டினார்கள். யாரிடமும் நான் சொல்ல வேண்டி வந்ததில்லை. நான் போவதற்குள் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எழுதாவிட்டால் நாளை காலை விசா அலுவலகத்துக்குப் போக முடியாது. விடுமுறை முடிந்து வாண்டு வகுப்பில் எழுந்து நிற்க வேண்டும். எழுதினால் அதை முதலில் படிக்கப்போவதும் அவள்தான்.

அவள் நாற்காலியில் முட்டி போட்டு, மேசைக்கு மேல் எக்கி, என் எழுத்தைப் பக்கவாட்டிலிருந்து கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

“என்... மனைவி...” விரல் காலி இடத்துக்கு வந்தது. “அப்புறம்பா?”

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தாளின் ஒரு மூலை எழும்பியது, படிந்தது, மறுபடி எழும்பியது. பேனாவின் முனையை ‘மனைவி’க்கு அடுத்து வைத்தேன். மாமனார் கையை நீட்டி, எழும்பிய மூலையை இரண்டு விரல்களால் மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.