மேக்ஃபைலில் விடுபட்ட பெயர்

கழுத்து வலி அவளுக்கு முன்னாலேயே எழுந்துவிட்டிருந்தது. ஒன்பது வருடம் கலவைச் சட்டி சுமந்த கழுத்து. சட்டியை இறக்கி வைத்து மூன்று வருடமாகிறது. அந்தச் செய்தி கழுத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. ஒரு கையால் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டே பல் துலக்கினாள்.

பட்டறையில் அவளுக்குச் சித்தாள் என்று பெயர். மாலை வகுப்பில் சி மொழி படித்து, கட்டட வேலையை விட்டுவந்து கணினி முன்னால் உட்கார்ந்தவளுக்கு முதலாளி கேலியாக வைத்தது. அவளுக்கு அதில் வெட்கமில்லை. கட்டடங்களில் பாரம் ஏற்றும் லிஃப்டுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிற பட்டறை அது. பெட்டி எடையைப் பார்க்கும். அளவு மிஞ்சினால் அலாரம் அடிக்கும், மோட்டாரை நிறுத்தும். அவ்வளவுதான் அதன் வேலை. அதைச் சரியாகச் செய்யாவிட்டால் கயிறு அறுந்து யார் தலையிலாவது விழும்.

அன்று மதியம் மூன்று மணிக்கு ஒரு நாலு மாடிக் கட்டடத்தில் பெட்டியைச் சோதித்துக் காட்ட வேண்டும். அங்கே சட்டி சுமப்பவர்களில் அவள் தங்கையும் ஒருத்தி. "சரியா ஓடலைன்னா எடுத்துட்டுப் போயிடுங்க. நான் ஆளை வச்சே ஏத்திக்கிறேன்" என்று கட்டட இன்ஜினியர் முன்பே சொல்லிவிட்டார்.

காலை பத்து மணிக்குப் பட்டறை முற்றத்தில் மணல் மூட்டைகளைக் கட்டித் தூக்கிப் பார்த்தார்கள். மூட்டைக்கு ஐம்பது கிலோ. எல்லை முந்நூறு. ஆறு மூட்டை நல்ல பிள்ளையாக ஏறியது. ஏழாவதை வைத்ததும் அலாரம் காது கிழியக் கத்தியது. மோட்டாரோ அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மூட்டைகளை மேலே இழுத்துக்கொண்டு போனது.

"என்ன சித்தாளு, உன் புரோகிராம் கத்திக்கிட்டே தூக்குது?" என்றார் முதலாளி.

"அலாரம் அடிக்குதுல்ல? அப்போ புரோகிராமுக்கு எடை தெரியுது. மோட்டார் நிக்கலைன்னா அது வயரு." வயரிங் செய்கிறவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க ஈயம் வச்ச இடத்துலதான் கோளாறு. கண்ணாடி போடுங்க, போடுங்கன்னா கேட்டாத்தானே?"

ஃபிட்டர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். கணக்கு எழுதும் அம்மாள்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். வயரிங் அண்ணன் பெட்டியைத் திறந்து, மோட்டாரை நிறுத்தும் ரிலேவைக் கழற்றி, பழைய ஈயத்தை உருக்கி எடுத்துப் புதிதாக வைத்தார். இரண்டு மணி நேரம். நடுவில் விரலைச் சுட்டுக்கொண்டு, வாயருகே கொண்டுபோய் ஊதிவிட்டு மறுபடி குனிந்தார்.

பன்னிரண்டரைக்கு ஏழு மூட்டை மறுபடி ஏறியது. அதே கத்தல், அதே இழுவை.

அண்ணன் மீட்டரைத் தொட்டுப் பார்த்து நிமிர்ந்தார். "ரிலேவுக்கு நிறுத்துன்னு உத்தரவே வரலைம்மா. வராத உத்தரவுக்கு நான் எங்க ஈயம் வைக்கிறது?"

அவள் முகம் சுருங்கியது. உள்ளே போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்துத் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, பெட்டி வருதா, இல்ல என் மண்டைதான் பெட்டியா?"

"வருது, வருது."

"உன் பெட்டியை நம்பி இன்ஜினியர் நேத்தே ரெண்டு ஆளை நிறுத்திட்டாரு. அவங்க நடையும் சேர்த்து எங்க தலையில. காலையிலேர்ந்து இருபத்தாறு தடவை மேல போயிட்டு வந்துட்டேன். கழுத்து இருக்கா போச்சான்னு தடவிப் பார்த்துக்கிறேன்."

"மூணு மணிக்கு வந்துடும், வை" என்று வைத்துவிட்டாள். வரும் என்று சொல்ல அவளுக்கு அந்த நிமிடம் எந்த ஆதாரமும் இல்லை.

பெட்டிக்கான புரோகிராம் ஒரே துண்டு அல்ல, பல கோப்புகள். alarm.c அலாரத்துக்கு, motor.c மோட்டாருக்கு. முந்நூறு என்ற எல்லை limit.h என்ற தனிக் கோப்பில் இருக்கிறது. இரண்டும் அதைப் பார்த்துத்தான் நடக்கும். போன கட்டடத்துக்கு எல்லை நானூறு. இங்கே கயிறு மெலிது என்று நேற்று அவள்தான் முந்நூறாக மாற்றினாள். மாற்றிவிட்டு மேக் என்று ஒரு வார்த்தை தட்டினால் போதும். மேக்ஃபைல் என்ற பட்டியலைப் பார்த்து, எந்தக் கோப்பு புதிதாக மாறியிருக்கிறதோ அதைச் சார்ந்த துண்டை மட்டும் கணினி மறுபடி கம்பைல் செய்யும், அதாவது பெட்டிக்குப் புரியும் மொழிக்கு மாற்றும். மற்றதைத் தொடாது.

இதற்காகவே அவளுக்கு மேக்கைப் பிடிக்கும். கட்டடத்தில் அவள் கற்றது அது ஒன்றுதான்: மேலே ஏற்றிய கல்லை மறுபடி கீழே இறக்கிச் சுமக்காதே. அவளுக்கு முன்னால் இருந்த புரோகிராமர் ஒவ்வொரு தடவையும் மேக் க்ளீன் தட்டி, கட்டியதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டுவான். அந்தப் பழைய கணினியில் அதற்கு ஏழு நிமிடம் ஆகும். பணக்கார வீட்டுப் பிள்ளை, சுமந்திருந்தால்தானே தெரியும் என்று சிரித்திருக்கிறாள். அவன் போனதும் முதல் காரியமாக அந்தப் பழக்கத்தை ஒழித்தாள்.

இப்போது limit.h கோப்பில் முந்நூறை ஐந்தாக்கினாள், மேசை மேலேயே கையால் அழுத்திச் சோதிக்கலாம் என்று. மேக் தட்டினாள். திரையில் இரண்டே வரி வந்தது. alarm.c கம்பைல் ஆனது. எல்லாத் துண்டும் ஒன்றாகச் சேர்ந்தது. முடிந்தது.

motor.c எங்கே?

மேக்ஃபைலைத் திறந்தாள். கம்பைலான அலாரத் துண்டுக்கான alarm.o என்ற வரியில் alarm.c, limit.h இரண்டும் இருந்தன. motor.o என்ற வரியில் motor.c மட்டும். எல்லை மாறியதை மோட்டாருக்கு யாரும் சொல்லவில்லை. அலாரம் முந்நூறில் கத்த, மோட்டார் நானூறு வரை தூக்கலாம் என்ற பழைய உத்தரவோடு தன் பாட்டுக்கு வேலை பார்த்திருக்கிறது. அழித்து அழித்துக் கட்டியவன் இருந்தவரை மோட்டார் துண்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டப்பட்டதால் இந்த ஓட்டை தெரியவே இல்லை. அவன் போன பிறகு எல்லை மாறியது நேற்றுத்தான்.

அவன் எழுதிய வரிதான். ஆனால் அவன் பழக்கத்தை ஒழித்த அன்று பட்டியலைச் சரிபார்க்காதவள் அவள். கட்டடத்தில் கீழே மணல் மாறினால் மேலே இருக்கிற கொத்தனாருக்குக் குரல் கொடுக்காமல் ஒரு நாளும் இருந்ததில்லை அவள்.

அந்த வரியில் limit.h சேர்த்தாள். அதோடு விடவில்லை. எந்தக் கோப்பு எதைப் படிக்கிறது என்று கம்பைலரே எழுதிக்கொள்ள ஒரு வழி உண்டு. மனிதர் மறந்தாலும் அது மறக்காது. அதையும் மேக்ஃபைலில் போட்டாள். எல்லையைத் திரும்ப முந்நூறாக்கி, மேக் க்ளீன் தட்டி, அந்த ஏழு நிமிடமும் முனகாமல் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மணிக்கு ஏழாவது மூட்டையை வைத்தார்கள். அலாரம் கத்தியது. மோட்டார் அசையவில்லை.

"வயரா?" என்றார் முதலாளி.

"இல்லைங்க. என் தப்பு."

"அதை வண்டியில வந்துக்கிட்டே சொல்லு. ஏறு, ஏறு."

மூன்று மணிக்குக் கட்டடத்தில் ஏழாவது மூட்டையை இன்ஜினியர் தானே தூக்கி வைத்தார். அலாரம் அடித்தது, மோட்டார் நின்றது. சந்தேகம் தீராமல் இன்னொரு தடவை பார்த்தார். நின்றது. அப்புறம் ஆறு மூட்டை சிமெண்ட் ஆடாமல் நாலாவது மாடிக்குப் போனது. தங்கை அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து உதறி இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"தூக்கிப் போட வேண்டியதுதானே?" என்றாள் அக்கா.

"இருக்கட்டும். உன் பெட்டியை இன்னும் ஒரு வாரம் பார்க்கணும்." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

வயரிங் அண்ணன் பெட்டியின் கடைசி ஸ்க்ரூவை முறுக்கிவிட்டுப் படியில் இறங்கினார். அவள் இரண்டு படி கீழே போய் வழியை மறித்து நின்றாள்.

"அண்ணே, காலையில பேசினது தப்பு. உங்க ஈயத்துல ஒரு குறையும் இல்லை. மன்னிச்சிடுங்க."

அவர் சுட்ட விரலை ஒரு பார்வை பார்த்தார். "திட்டினது நாலு பேர் நடுவுல. மன்னிப்பு மட்டும் மாடிப்படியிலயா? அது செல்லாதும்மா."

"அப்போ?"

"திங்கக்கிழமை எல்லாரும் வருவாங்க. அதே முற்றம், அதே ஆளுங்க. அங்க வச்சுச் சொல்லு. கண்ணாடி விஷயத்தையும் சேர்த்து."

அவர் இறங்கிப் போய்விட்டார். மேலே லிஃப்ட் இரண்டாவது நடைக்குக் கிளம்பியது. கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டே அவள் நாட்களை எண்ணிப் பார்த்தாள். இன்று சனி. முதலாளி, இரண்டு ஃபிட்டர், கணக்கம்மாள் என்று நாலு பேர் முன்னால் அண்ணனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று பாக்கி.