மாமா ஒதுக்கிய விசிறி

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அக்கா விளக்கைக்கூடப் போடவில்லை. நேராகப் போய், விமான விசிறி மாட்டிய சோதனை மேடையின் அடியில் குனிந்தாள். விசிறித் தண்டுக்கு நேர் கீழே அவள் விரித்துவைத்திருந்த வெள்ளைத் தாளில் மறுபடியும் எண்ணெய்ச் சொட்டு. "வந்திருக்கு," என்றாள், வேண்டாத விருந்தாளியைச் சொல்வதுபோல.

தண்ணீர் பம்புகளில் கசிவை அடைக்கிற சீல் செய்யும் பட்டறை எங்களுடையது. வரைவது அக்கா, கடைவதும் வழவழப்பாகத் தேய்ப்பதும் நான். மின்சாரத்தில் பறக்கும் சின்னப் பயிற்சி விமானம் செய்கிற கம்பெனி ஒன்று, மோட்டாரைக் குளிர்விக்கும் எண்ணெய் விசிறித் தண்டு வழியாகக் கசியாமல் இருக்க ஒரு சீல் கேட்டது. இறக்குமதி சீல் நல்ல சரக்குதான். ஆனால் அந்த விலைக்கு வாங்கிப் போட்டால், சாதாரண வீட்டுப் பிள்ளைகள் ஏறிப் படிக்கிற விமானமாக அது இருக்காது. அக்கா பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை உதறிவிட்டு இதில் குதித்தாள். ஒரு கரி வளையம், ஒரு எஃகு வளையம், ஸ்பிரிங் ஒன்று அழுத்த இரண்டும் முகத்தோடு முகம் ஒட்டியிருக்கும், எஃகு வளையம் மட்டும் தண்டோடு சுழலும். எஃகு முகத்தில் சாய்வாக மெல்லிய கோடுகள். சுழலும்போது அவை எண்ணெயை உள்ளேயே தள்ளிவிடும். அந்தக் கோடுகளைப் போடத்தான் ஆளாளுக்கு வாய்க்கு வந்த விலை சொன்னார்கள். அக்கா பரிசுக் கோப்பைகளில் பெயர் பொறிக்கிற கடைக்குப் போய், அதே லேசரில் போடவைத்தாள். யாருக்கும்மா பரிசு என்று கடைக்காரர் கேட்டாராம்.

நாள் முழுக்க ஓட்டினாலும் ஒரு சொட்டு வராது. பேட்டரியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போனால் காலையில் தாள் நனைந்திருக்கும். நான் சரியாகத் தேய்க்கவில்லை என்று அவளும், ஸ்பிரிங் பலம் போதாது என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை கம்பெனி அதிகாரி பார்க்க வருகிறார். கசிந்தால் இறக்குமதிக்கே போய்விடுவார்கள்.

அன்று மாலை பேட்டரியைக் கழற்றியதும், அக்காவை அழைத்துப்போக அவள் கணவர், என் மாமா, வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நல்ல உயரம். வாசலுக்கும் அக்காவின் மேசைக்கும் நடுவில்தான் மேடை. ஒரு கையில் ஹெல்மெட்டோடு, நெற்றிக்கு நேரே நின்ற விசிறியை மறு கையால், கொடியில் காயும் துணியை ஒதுக்குவதுபோல ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தார். தினமும் அப்படித்தான் வருகிறார். நாங்களும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம். ஒதுக்கியது பின்பக்கமாக, அது சுழலும் திசைக்கு எதிராக.

"மாமா, அப்படியே நில்லுங்க," என்றேன்.

பின்பக்கமாகச் சுற்றினால் அந்தக் கோடுகள் எண்ணெயை வெளியே தள்ளும். மூவரும் குனிந்து பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் தண்டின் அடியில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. மாமாவின் முகம் சுண்டிப்போனது.

"இனிமே நான் வெளியவே நிக்கிறேன்," என்றார்.

எனக்கு நிம்மதியில் சிரிப்பு வந்தது. "அக்கா, சீல் மேல தப்பே இல்ல. ஒரு கயிறு கட்டி, தொடாதீங்கன்னு போர்டு மாட்டிட்டா முடிஞ்சுது."

அவள் சிரிக்கவில்லை. "விமானம் நிக்கிற எடத்துல எல்லாரும் இதைத்தான் செய்வாங்க. தொடைக்கிறவன் தள்ளுவான், நிறுத்துறவன் நேராக்குவான். எத்தனை மாமாவுக்குடா கயிறு கட்டுவ?"

"ரெண்டு நாள்தான் இருக்கு."

"இருக்குல்ல, போதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடுகிறதைப் பிரித்துப் போடுவது எங்கள் குடும்ப வியாதி. அவள் புதுத் தாளில் இரண்டு பக்கமும் சாய்ந்த கோடுகளாக வரைய ஆரம்பித்துவிட்டாள். எந்தப் பக்கம் சுற்றினாலும் எண்ணெய் உள்ளேதான் போக வேண்டும். முகம் கொஞ்சம் சீக்கிரம் தேயுமே என்றேன்.

"தேஞ்சா மாத்திக்கட்டும். அதுக்குத்தானே விலையைக் குறைச்சோம்."

மாமா ஹெல்மெட்டை ஓரமாக வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே கோணக் கணக்குப் போட உட்கார்ந்தார். நான் திட்டிக்கொண்டே புது வளையத்தைக் கடைந்து கோப்பைக் கடைக்கு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை மாமாவும் லீவு போட்டிருந்தார். தேய்ப்பு காலையில்தான் முடிந்தது. கடைசித் திருகை நான் முறுக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது. பேட்டரியைக்கூட இன்னும் மாட்டவில்லை. அக்கா ஓடிப்போய்த் தண்டுக்குக் கீழே புதுத் தாள் விரித்தாள்.

அதிகாரி காதில் போனோடு உள்ளே வந்தார். மேடையருகே நின்றார். நெற்றிக்கு நேரே விசிறி. பேச்சை நிறுத்தாமலே கையை உயர்த்தினார். தடுக்கப் போன என் மணிக்கட்டை அக்கா இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"விடு," என்றாள் மெதுவாக.

விசிறி பின்பக்கமாக முழுச் சுற்றுச் சுற்றி நின்றது. அவர் போனை வைத்துவிட்டு வணக்கம் சொன்னார். நாங்கள் மூவரும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழிந்தும் அது வெள்ளையாகவே இருந்தது.