இருபத்தொன்று புள்ளி நான்கு

வேதியியல் பாடம் நடத்தும் அவள் முன்னால், அவள் மாணவர்களின் முப்பத்திரண்டு ரெக்கார்டு நோட்டுகளும் கையெழுத்து இல்லாமல் வந்து விழுந்தன. கையெழுத்து இல்லாத நோட்டோடு நாளை செய்முறைத் தேர்வுக்குள் ஒருவரும் நுழைய முடியாது.

“இருபத்தொன்னு புள்ளி நாலு வரணும்மா. இதுல ஆளுக்கொரு நம்பர் இருக்கு” என்றார் துறைத்தலைவர்.

“ஆளுக்கொரு குழாய்ல பிடிச்சாங்க சார்.”

“யாரு பிடிக்கச் சொன்னது?”

அவள்தான். தண்ணீரின் கடினத்தன்மையைக் கண்டுபிடிக்கும் பாடம். வழக்கமாக மேசையில் ஒரே கேன் இருக்கும். சீனியர் நோட்டைப் பார்த்து இருபத்தொன்று புள்ளி நான்கு என்ற விடையை முதலில் எழுதிவிட்டு, அளவீடுகளைப் பின்னாலிருந்து இட்டு நிரப்புவார்கள். இதே கல்லூரியில் படித்தபோது அவளும் அப்படித்தான் எழுதினாள். இதே மனிதர் ‘மிக நன்று’ போட்டார். நடுவில் கல்லூரியே வேறு கட்டடத்துக்குக் குடிபோய்விட்டது, விடை மட்டும் நகரவில்லை. மூட்டை தூக்கிய அப்பா, வீட்டின் முதல் பட்டத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்காணலில், “நீங்களா கண்டுபிடிச்சது ஏதாவது ஒண்ணு சொல்லுங்க” என்றார்கள். ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அந்த எரிச்சலில்தான் இந்தப் பிள்ளைகளைக் குழாய் குழாயாக அனுப்பினாள். முதல்வர் அறை வாசலில் ரிப்பன் வெட்டித் திறந்த சுத்திகரிப்பான் தண்ணீரும் கழிப்பறைத் தண்ணீரும் ஒன்றுதான் என்று வந்தது.

“ஆராய்ச்சியெல்லாம் பெரிய படிப்பு படிக்கிறவங்க பண்ணட்டும். இதுங்க இளநிலை.”

“குழாய் அதெல்லாம் விசாரிச்சிட்டா சார் தண்ணி விடுது?”

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. உன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது, ஞாபகம் இருக்குல்ல? சாயங்காலத்துக்குள்ள மாத்தி எழுதச் சொல்லு.”

தங்கையின் படிப்பு அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. நோட்டுகளை அள்ளிக்கொண்டு நடந்தாள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் தன்னையே திட்டிக்கொண்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அந்த ஒரே கேனை வைத்துத் தொலைத்திருந்தால் இத்தனை பேரையும் மாட்டிவிட்டிருக்க மாட்டாள்.

ஆய்வகத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்: “விடையை மாத்திடுங்க.”

நோட்டுகள் கை மாறின. பேனா மூடிகள் திறந்தன. வருகைப்பதிவுக்குக்கூட முணுமுணுக்கும் கடைசி மேசைப் பெண் எழுந்து நின்றாள்.

“மாத்துறோம் மிஸ். எங்க தப்பு பண்ணோம்னு மட்டும் சொல்லிடுங்க. நாலு தடவை செஞ்சோம், அதேதான் வருது.”

“தப்பு இல்லடி.”

“அப்ப எதுக்கு மிஸ்?”

இங்கே தான் படித்த மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அவள் யாரிடமும் கேட்காத கேள்வி. கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை.

அந்தப் பெண் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டை நிரப்பி, குடுவையை அதன் கீழே நகர்த்தி வைத்தாள். “நீங்களே ஒருவாட்டி செஞ்சு பாருங்களேன்.”

எழுதப் போனவர்களெல்லாம் பேனாவோடு எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். நடைபாதையில் துறைத்தலைவரின் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் பியூரெட்டின் திருகில் விரலை வைத்து மெல்லத் திருப்பினாள். கண்ணாடி நுனியில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, விழாமல் தொங்கியது.