நங்கூரம் பதித்த மோதிரம்

ஏழாவது ஈயக் குண்டு விழவேண்டிய இடத்தில் மோதிரம் விழுந்தது.

பூரணி பழைய திரைச்சீலையின் அடிமடிப்பைப் பிளேட்டால் பிரித்துக்கொண்டிருந்தாள். காற்றுக்குப் பறக்காமலிருக்க வெள்ளைக்காரர் மடிப்புக்குள் ஈயக் குண்டுகளை வைத்துத் தைப்பார்கள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சிரட்டையில் போட்டாள். ஆறும் மந்தமாக விழுந்தன. ஏழாவது 'கிண்' என்றது.

எடுத்துப் பார்த்தாள். ஈயத்தைப் போலவே கறுத்து அழுக்குப் பிடித்திருந்தது. சேலைத் தலைப்பால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தாள். மஞ்சள் மினுங்கியது.

"இஞ்சாருங்கோ! கெதியா வாங்கோ!"

அது 1943. ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டுப் போன மறுவருடம். துறைமுகம் நிறையக் கப்பல், தெரு நிறையக் கப்பற்காரர், ஆனால் துணிக்கு மட்டும் பெருந்தட்டுப்பாடு. ஓர்ஸ் ஹில் பங்களாக்களை விட்டு அவசரமாகப் போனவர்களின் தட்டுமுட்டுச் சாமான்களைப் பழஞ்சாமான் வியாபாரி பாயிஸ் மொத்தமாக ஏலத்தில் எடுத்து, கட்டுக் கட்டாக விற்றார். அதில் ஒரு கட்டை வாங்கி, திரைச்சீலையைக் கவுனாக வெட்டிக் கையால் தைத்து விற்றாள் பூரணி. கையால் நாளுக்கு ஒரு கவுன் தைக்கலாம். தையல் மெசின் இருந்தால் ஐந்து.

அந்த மெசின் கடைத்தெருவுக்கு அடுத்த தெருவில்தான் இருந்தது. கமலாதேவி ரீச்சர் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போகிறார். இன்று மாலை ரயில். நூற்றுப்பத்து ரூபாய் கொடுத்தால் மெசினை விட்டுவிட்டுப் போவார், இல்லாவிட்டால் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். பூரணியின் கையில் பத்து ரூபாய் இருந்தது.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் கணவர் அருளம்பலம், சோற்றுக் கையோடு ஓடிவந்தார். நேவியின் டொக்யாட் ஸ்டோரில் கிளாக்கர். மோதிரத்தைச் சரித்து உட்பக்கம் பார்த்தார். கடுகளவில் நாலு குறிகள் குத்தியிருந்தன: ஒரு மணிமுடி, 18 என்ற இலக்கம், ஓர் ஆங்கில எழுத்து, ஒரு நங்கூரம்.

நங்கூரத்தைக் கண்டதும் அவர் முகம் செத்துவிட்டது.

"பூரணி, இது நேவிச் சாமான்!"

"நேவி மோதிரமும் செய்யுதோ?"

"தொப்பியில நங்கூரம், பொத்தானில நங்கூரம், இதிலயும் நங்கூரம். வேற ஆற்ற எண்டு நினைக்கிறீர்? போன மாதம் ஒரு தேக்கரண்டியோட கேற்றில பிடிபட்டவனை அண்டைக்கே வேலையால நிப்பாட்டிப் போட்டாங்கள். இதைக் கொண்டுபோய்க் கடல்ல எறியும்."

"எறியிறதெண்டால் என்னையும் சேர்த்து எறியுங்கோ."

அவள் மோதிரத்தைக் கழுவி, அதன் தட்டையான முகத்தை ஈரச் சவர்க்காரத்தில் அழுத்தி எடுத்தாள். ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு கொக்கு, அலகில் மீனோடு, பொங்கி எழுந்து நின்றது. செதிள்கூடத் தெரிந்தது. முத்திரை மோதிரம்! அரக்கில் குத்திக் கடிதம் மூடுகிற துரைமாருடைய மோதிரம்.

மூன்று மணிக்கு முன் இருவரும் நகைக்கடை இரத்தினசிங்கத்தின் முன்னால் நின்றார்கள். அவர் உரைகல்லில் ஒரு கோடு இழுத்தார், நிறுத்தார், நங்கூரத்தைப் பார்த்தார், அருளம்பலத்தின் வியர்வையையும் பார்த்தார்.

"ஒண்டரைப் பவுண் நிறை இருக்கு. ஆனால் கலப்புத் தங்கம். அதோட நேவிக் குறி." குரலைத் தாழ்த்தினார். "நான் இப்பவே உருக்கிப்போடுறன். நங்கூரமும் இராது, பயமும் இராது. முப்பது ரூவா."

"சரி, சரி" என்றார் அருளம்பலம்.

"பொறுங்கோ" என்றாள் பூரணி. கணவர் பக்கம் திரும்பினாள். "அந்தத் தேக்கரண்டி நேவியின்ர எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சவங்கள்?"

"அம்புக் குறி இருந்ததுதானே. அரசாங்கச் சாமான் எல்லாத்திலயும் அம்புதான். கம்பளி, வாளி, கரண்டி, எல்லாத்துக்கும் நான்தானே பார்த்துப் பதியிறனான்."

"அப்ப இதில அம்பு எங்க?"

அருளம்பலம் மோதிரத்தை வாங்கி மேலே, கீழே, உள்ளே, வெளியே பார்த்தார். அம்பு இல்லை.

"அம்பில்லாமல் ஒரு ஆணியும் எங்கட ஸ்டோருக்குள்ள வராது" என்றார் மெதுவாக. பிறகு உரக்க: "ஒரு ஆணியும் வராது!"

"நாற்பது தாறன்" என்றார் இரத்தினசிங்கம்.

"இவ்வளவு பயமான சாமானை நீங்கள் ஏன் அண்ணை வில்லங்கப்பட்டு வாங்குறியள்?" என்று கேட்டுவிட்டு, பூரணி வெளியே இறங்கிவிட்டாள்.

நேவி இல்லை. அப்படியென்றால் அந்த நங்கூரம் என்ன? இங்கிலீஷ்காரர் வீட்டு வெள்ளி, பித்தளை, மணிக்கூடு எல்லாம் கைபட்டுப் பழகியவர் ஊரில் ஒருவர்தான் இருந்தார். பாயிஸ். சிக்கலும் அங்கேதான். துணிக் கட்டை விற்றவரே அவர். 'என்ட சாமான், தா' என்று கேட்டால்?

கடையில் பாயிஸ் ஒரு முக்காலியின் காலை ஒட்டிக்கொண்டிருந்தார். பின்பக்கத் திரைக்கு அங்கால் அவர் மனைவி ஸல்ஹா அரிசி புடைக்கும் சத்தம் கேட்டது.

"பாயிஸ் நானா, ஒரு கதை. கட்டுக்குள்ள கெட்டது கிடந்தால் ஆருக்கு?"

"எடுத்த ஆளுக்குத்தான் தங்கச்சி. பிரிச்சுக் காட்டி விக்கிறல்ல நான். முந்தாநாள் ஒருத்தர் எலிக்குஞ்சோட வந்தாரு. எலியும் ஒங்கடதான் எண்டு அனுப்பிட்டன்."

"நல்லது கிடந்தால்?"

"அதுவும் எடுத்த ஆளுக்குத்தான்." பாயிஸ் சிரித்தார். "ஏன், புதையல் ஏதும் கிடந்திச்சா?"

பூரணி உள்ளங்கையை விரித்தாள்.

சிரிப்பு அப்படியே நின்றது. பாயிஸ் மோதிரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மூலையில் அடுக்கிக் கிடந்த மிச்சக் கட்டுகளைப் பார்த்தார். புடைக்கும் சத்தமும் நின்றது.

"சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஸல்ஹாவின் குரல். "எலிக்கு ஒரு ஞாயம், தங்கத்துக்கு ஒரு ஞாயமா?"

பாயிஸ் நெடுமூச்சு விட்டு, பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒருதரம் பார்த்ததும் கவலை மறந்துபோனது. அந்த முகத்தில் இப்போது வியாபாரி இருந்தார். மேசை லாச்சியைத் திறந்து ஒரு சிறிய வெள்ளிக் கரண்டியை எடுத்து நீட்டினார். அதன் முதுகிலும் அதே நங்கூரம்.

"இது பேர்மிங்ஹாம் எண்ட ஊர்ட முத்திரை. தங்கம் வெள்ளியச் சோதிச்சுப் பார்த்துத்தான் குத்துவாங்க. பதினெட்டெண்டா இருபத்துநாலு பங்கில பதினெட்டுத் தங்கம். முடி அதுக்குச் சாட்சி. அந்த ஊரில கடலும் இல்ல, நேவியும் இல்ல."

"கடல் இல்லாத ஊருக்கு நங்கூரமோ?" அருளம்பலத்துக்குக் கோபமே வந்துவிட்டது. மத்தியானம் முழுக்கப் பயந்தது வீணாய்ப் போயிற்றே!

பாயிஸ் ஒரு கந்தல் கொப்பியைப் புரட்டி, ஆங்கில எழுத்தை ஒத்துப் பார்த்தார். "எழுத்துத்தான் வருசம். இது செஞ்சு அறுபது வருசத்துக்குக் கிட்ட. வளையம் தேயல்ல. வெட்டி ஒட்டின அடையாளம் இல்ல. கொக்கு கையால செதுக்கினது. பேரெழுத்து இல்லாததால ஆரும் போடலாம். உருக்கினா அம்பத்தஞ்சு ரூவாத் தங்கம். ஆனா உருக்கினாக் கொக்குச் செத்துப்போகும். மிச்ச விலை கொக்குக்கு." கொப்பியை மூடினார். "எண்பது தாறன்."

இன்னும் இருபது ரூபாய் குறைந்தது. மணி நாலாகிவிட்டது. பூரணி பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றாள். அவசரம் என்று தெரிந்தால் எண்பது எழுபதாகும்.

பயம் தெளிந்த அருளம்பலம் இப்போது சிங்கமாக நின்றார். "எண்பதோ? திங்கக்கிழமை நானே ஒஃபிசர்மாரிட்டக் காட்டுறன். நூற்றைம்பது தருவாங்கள்."

"நல்லது கிளாக்கர். திங்கக்கிழமை காட்டுங்க" என்றார் பாயிஸ், அலுங்காமல்.

திங்கட்கிழமையா! மெசின் அதற்குள் எந்தக் கரையில் நிற்குமோ! பூரணிக்குக் கணவரின் காலை மிதிக்கவேண்டும் போலிருந்தது. மிதித்தும்விட்டாள்.

"திங்களா?" திரைக்குப் பின்னால் ஸல்ஹா அதிசயப்பட்டாள். "நாளைக்கு அந்தக் கப்பல் டொக்டர் வாறார் எண்டீங்களே. முத்திரை மோதிரம் வேணும் எண்டு மூணு தரம் வந்து கேட்ட மனுசன்."

பாயிஸ் திரைப் பக்கம் முறைத்தார்.

"எங்கட வீட்டுப் பொம்புளைக்கு வாய்க்குப் பூட்டில்ல" என்றார் பாயிஸ்.

"நூற்றிருபது, நானா" என்றாள் பூரணி.

"தொண்ணூறு!"

"டொக்டர் வாறாராம்."

"நூறு. அதுக்கு மேல ஏலாது, புள்ள. மேல போனா இவள வித்துத்தான் தரணும்."

"என்ன விலைக்கு?" என்றது திரை.

நூற்றைந்துக்கு முடிந்தது. காசைத் தன் பத்து ரூபாயோடு சேர்த்து முந்தானையில் முடிந்த கையோடு பூரணி ஓடினாள். தெருவில் பெண்கள் ஓடுவது வழக்கமில்லை. ஆனால் குண்டு விழுந்த ஊரில் ஓடினவளை யாரும் ஏன் என்று கேட்கவில்லை, இரண்டு பேர் மட்டும் வானத்தைப் பார்த்தார்கள்.

ரீச்சர் வீட்டு வாசலில் மாட்டுவண்டி நின்றது. பாய், பெட்டி, அம்மி, எல்லாவற்றுக்கும் உச்சியில் மெசின், கயிறு போட்டுக் கட்டியாயிற்று. வண்டிக்காரன் மாட்டைத் தட்டப் போனான்.

"இறக்குங்கோ!" என்று கத்தினாள் பூரணி. "ரீச்சர், இந்தாங்கோ! எண்ணிப் பாருங்கோ!"

"கடைசி நிமிசத்தில வாறீரே, பிள்ளை" என்று கமலாதேவி ரீச்சர் திட்டினார். ஆனாலும் தானே கயிற்றை அவிழ்த்தார்.

பின்னாலேயே ஓடிவந்த அருளம்பலம் மெசினைத் தோளில் தூக்கிக்கொண்டார். கடைத்தெரு வழியாக வீடு திரும்பும்போது பாயிஸின் கடை வாசலில் ஒரே தூசி. கட்டுகள் எல்லாம் பிரிந்து கிடந்தன. நாற்பது திரைச்சீலையாவது இருக்கும், அத்தனையின் அடிமடிப்பும் கிழிக்கப்பட்டிருந்தது. நடுவில் பாயிஸ், கையில் கத்தி, தாடியில் நூல்.

"என்ன கிடைச்சுது, நானா?"

"ஈயம்" என்றார் பாயிஸ். "எல்லாம் ஈயம். மடிப்புப் பிரிஞ்ச சீலைய இனி ஆரு வாங்குவாங்க?" அப்போதுதான் அருளம்பலத்தின் தோளில் இருந்ததைக் கண்டார். கண் அகன்றது. "தங்கச்சி, மடிப்புத் தைக்கச் சீலைக்கு எவ்வளவு எடுப்பீங்க?"

"இருபது சதம்."

"பதினஞ்சு."

"ஸல்ஹா அக்காவைக் கேட்பமோ?"

"வேணாம், வேணாம்! இருபது!"

மெசினைக் கடை வாங்குப் பலகையில் இறக்கச் சொன்னாள் பூரணி. ஊசியில் நூலைக் கோத்து, முதல் சீலையை இழுத்து மடித்தாள்.

"கொஞ்சம் தள்ளி இருங்கோ, நானா. மெசின்ர கை சுத்த இடம் வேணும்."