இளமதி கொண்டுவந்த குடம்

நாலு கம்ப்யூட்டர் வந்து இறங்கி மாதக்கணக்காகியும் அவை புடவை போர்த்திக்கொண்டுதான் இருந்தன. தலைமை ஆசிரியர் ஏகாம்பரம் தன் வீட்டம்மாவின் பழைய வாயில் புடவைகளைக் கிழித்து நாலுக்கும் உறை தைத்துப் போட்டிருந்தார். அறைச் சாவி அவர் சட்டைப் பையை விட்டு வெளியே வந்ததில்லை. கேட்டால், "தூசி ஏறிட்டா பேஜாரும்மா" என்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டாமா?

கணக்கு டீச்சர் தேவகிக்கு அந்தப் பூட்டைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் வந்து, அங்கே சாலவாக்கம் பஸ்ஸைப் பிடித்து, இறங்கி ஏரிக்கரையோரம் நடந்து இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறவள் அவள். வந்தும் என்ன பிரயோசனம், பிள்ளைகளுக்கு ஜன்னல் வழியாகப் புடவையைத்தான் காட்ட முடிந்தது.

பெட்டிகள் வந்த அன்று மட்டும் ஒரு நல்ல காரியம் நடந்தது. மிஷினைப் பொருத்த வந்த ஆள், பெட்டி தூக்கிக் கொடுத்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைக் கூப்பிட்டு, "உன் பேரை அடி பாப்பம்" என்றான். அவள் ஏரிக்கரை இருளர் குடியிருப்புப் பெண், இளமதி. ஒற்றை விரலால் ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். முழுப் பெயரும் திரையில் வந்து நின்றதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதற்குள் அந்த ஆள் வேலை முடிந்ததென்று அணைத்துவிட்டான்.

"எம் பேரு எங்க டீச்சர் போச்சு?"

"எங்கயும் போகல. இன்னொரு நாளு நீயே உக்காந்து அடிச்சு வரவழைப்ப. நான் சொல்றேன் பாரு" என்றாள் தேவகி.

வாய் வார்த்தைதான். ஆனால் இளமதி அதைப் பிடித்துக்கொண்டாள். அதிலிருந்து தினம் காலையில் கேட்டுக்கு அருகே நின்று, "இன்னிக்கா டீச்சர்?" என்று கேட்பாள். இல்லை என்றால் முகம் சுண்டாமல் வகுப்புக்குப் போய்விடுவாள். அடுத்த நாள் மறுபடியும் கேட்பாள். பாவிப் பெண்ணுக்குச் சலிப்பே கிடையாது.

இப்படி இருக்கையில்தான் மேலிடத்திலிருந்து தாக்கீது வந்தது. பள்ளியில் தொழில்நுட்பத்தை எதற்கு, எப்படிப் பயன்படுத்துவது என்று ஆசிரியரும் பெற்றோரும் கூடிப் பேசி, ஒருமித்த கருத்தாக எழுதி அனுப்ப வேண்டுமாம். ஏகாம்பரம் அதை மூன்று முறை படித்துவிட்டுப் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் முத்துகிருஷ்ணனுக்குச் சொல்லி அனுப்பினார்.

முத்துகிருஷ்ணன் ஊரில் பெரிய கழனிக்காரர். அதட்டிப் பேசமாட்டார். சிரித்த முகமாகவே காரியத்தை முடித்துக்கொள்வார், அதுதான் அவரிடம் சங்கடம். கூட்டம் என்று வைத்தார், நடவு மும்முரமாக நடக்கும் ஒரு செவ்வாய்க்கிழமையில். ஏரிக்கரையிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? இளமதியின் அம்மா சொக்கம்மாளும் மற்றவர்களும் அந்நேரம் முத்துகிருஷ்ணன் கழனியில்தான் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பத்தாவது பிள்ளைகள் மட்டும் தொடட்டும் என்றார் ஒருவர். பால் சொசைட்டி கணக்கை அதில் ஏற்றினால் ஊருக்கு உபகாரம் என்றார் இன்னொருவர். இன்ஸ்பெக்ஷன் முடிகிற வரைக்கும் திறக்கவே வேண்டாம் என்பது ஏகாம்பரத்தின் கட்சி. கேட்டுக் கேட்டுத் தேவகிக்குத் தலை வலித்தது. சட்டென்று எழுந்தாள்.

"உத்திரமேரூர்ப் பக்கத்துக்காரங்க நாம. குடவோலை போட்டு ஆள எடுத்ததக் கல்வெட்டுலயே வெட்டி வெச்ச ஊரு. பிள்ளைங்க பேரெல்லாம் குடத்துல போடுவோம். முதல் தவணைக்கு இருபது பேரு. வர்ற பேரு வரட்டும். அடுத்த தவணைக்கு மிச்சப் பேரு. யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது."

கூட்டம் குளிர்ந்துபோனது. ஊர்ப் பெருமையைச் சொன்னால் குளிராத ஊர் எது? முத்துகிருஷ்ணனே கைதட்டினார். தட்டி முடித்துவிட்டு, "பேஷ் டீச்சரம்மா" என்றார். "அதே கல்வெட்டுல இன்னொண்ணும் கீது. சொந்த மனையில வூடு கட்டி இருக்கறவன் பேரத்தான் குடத்துல போடணும்னு கீது. அதையும் சேத்துக்கலாமே. மிஷின் ஒடஞ்சா நாளைக்கு யாரு பொறுப்பு? பட்டா வெச்சிருக்கறவன் கையெழுத்துப் போட்டா நமக்கும் ஒரு புடிமானம். இன்னா சார் சொல்றீங்கோ?"

ஏகாம்பரம் மின்விசிறியைப் பார்த்தார். நல்ல யோசனை, நல்ல யோசனை என்று நாலா பக்கமும் தலைகள் ஆடின. ஏரிக்கரைக் குடிசைகள் அத்தனையும் புறம்போக்கில் இருக்கின்றன என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தேவகிக்கும் தெரியும். தன் வாயாலேயே எடுத்துக் கொடுத்த கயிறு இது என்றும் அவளுக்குத் தெரிந்தது.

பேசியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா? ஆனால் அவளுடைய மாறுதல் விண்ணப்பம் ஏகாம்பரத்தின் மேஜையில் கிடந்தது. காஞ்சிபுரத்தில் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தாள். தலைவரைப் பகைத்துக்கொண்டால் அது மேஜையை விட்டு நகராது. முதலில் பூட்டு திறக்கட்டும், அப்புறம் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொள்ளலாம் என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒருமித்த கருத்து என்று ஏகாம்பரம் எழுதி நீட்டிய தாளில் அவளும் கையெழுத்துப் போட்டாள்.

கல்வெட்டில் உள்ளபடியே நடக்க வேண்டும், ஆகையால் மண்குடம்தான் வேண்டும் என்று முத்துகிருஷ்ணன் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையோ விரிசல் விட்டது. வகுப்பில் தேவகி, யார் வீட்டிலாவது புதுக்குடம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"எங்க வூட்ல கீது டீச்சர்" என்று இளமதி எழுந்தாள். "அம்மா போன வாரந்தான் வாங்கியாந்துச்சு. இன்னும் தண்ணி கூட ஊத்தல. எதுக்கு டீச்சர்?"

"கம்ப்யூட்டருக்குச் சீட்டுப் போட."

"பேரெல்லாம் போடுவீங்களா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். தேவகி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ம்" என்றாள்.

அன்று சாயந்திரம் வீட்டில் உட்கார்ந்து அவளேதான் சீட்டெல்லாம் எழுதினாள். அவள் எழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று ஏகாம்பரம் ஒப்படைத்திருந்தார். ஒன்பதாம் வகுப்பு வருகைப் பட்டியலில் ஒரு பெயரைத் தாண்டிப் போகும்போது பேனா நின்றது. பிறகு தாண்டிப் போனது.

வெள்ளிக்கிழமை பள்ளி மொத்தமும் மைதானத்தில் கூடியது. மேஜைமேல் குடம், கழுத்தில் மாவிலை, மூன்று பட்டை விபூதி. யார் போட்டார்களோ தெரியாது. இளமதி காலையிலேயே அதை இடுப்பில் வைத்து ஏரிக்கரை முழுக்கத் தூக்கி வந்திருந்தாள். எண்ணெய் வைத்துத் தலை வாரி, கனகாம்பரம் வைத்திருந்தாள். "இன்னிக்குத்தானே டீச்சர்?" என்று கேட்டபோது அவள் குரலில் கேள்வியே இல்லை.

முத்துகிருஷ்ணன் தேவகியின் பக்கம் குனிந்தார். "சீட்டு எடுக்கறது குடத்துல பேரு இல்லாத புள்ளையா இருக்கணும் டீச்சரம்மா. அதான நியாயம்? அந்தக் குடம் கொண்டாந்த பொண்ணையே கூப்புடுங்க. அதுக்கும் ஒரு மரியாத."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மரியாதை செய்வதாகவே நினைத்துச் சொன்னார். அதுதான் தேவகிக்குத் தாங்கவில்லை. ஆனாலும் கூப்பிட்டாள். இளமதி ஓடி வந்தாள்.

குடத்துக்குள் கையை விட்டு ஒவ்வொரு சீட்டாக எடுத்தாள். பிரித்துத் தான் முதலில் பார்த்துவிட்டு ஏகாம்பரத்திடம் கொடுத்தாள். முதல் சீட்டு கோபால், முத்துகிருஷ்ணனின் பேரன். கைதட்டல். அடுத்தது இந்து. கைதட்டல். ஒவ்வொன்றையும் பிரிக்குமுன் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தாள். இருபதாவது சீட்டை ஏகாம்பரம் படித்து முடித்ததும் பிள்ளைகள் ஹோவென்று எழுந்தார்கள். இளமதியின் கை மட்டும் குடத்துக்குள்ளேயே இருந்தது.

"போதும்மா, முடிஞ்சுது" என்றார் ஏகாம்பரம்.

அவள் குடத்தைச் சாய்த்தாள். மிச்சச் சீட்டெல்லாம் மேஜையில் கொட்டின. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினாள்.

"இன்னாம்மா தேடற?"

"எம் பேரு சார். அடுத்த தவணைக்காச்சும் வரும்ல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் கடைசிச் சீட்டையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "டீச்சர், எம் பேரு எழுத மறந்துட்டீங்களா?"

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. தப்பித்துக்கொள்ள வழி விடுகிற குரல். தேவகி அந்த வழியிலேயே போனாள். "ஆமா இளமதி, மறந்துட்டேன்."

இளமதியின் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப இப்ப எழுதிப் போடுங்க டீச்சர். நான் வேணா கண்ண மூடிக்கறேன், வேற யாராச்சும் எடுக்கட்டும்."

தேவகியின் கையில் பேனா இருந்தது. மைதானம் முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. முத்துகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். "அது முடியாதும்மா. உங்க வூட்டுக்குப் பட்டா இல்லயே. எல்லாரும் சேந்து பேசி வெச்சது. டீச்சரம்மாவும் கையெழுத்துப் போட்டுக் கீறாங்க" என்றார், சிரித்த முகமாகவே.

இளமதி அவரைப் பார்க்கவில்லை. தேவகியைத்தான் பார்த்தாள். தேவகி தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் முட்டியது. தாளில் ஒரு துண்டைக் கிழித்துக் குனிந்தபடியே எழுத ஆரம்பித்தாள். அச்சு மாதிரி எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. போகட்டும் மாறுதல், போகட்டும் எல்லாம். இளமதி என்று எழுதி முடித்தாள்.

"குடம் எங்க வூட்டுது சார்" என்ற குரல் கேட்டது. "அம்மா தண்ணி புடிக்கக் கேட்டுச்சு."

தேவகி நிமிர்ந்து பார்த்தபோது, மாவிலையை அவிழ்த்து மேஜையில் வைத்துவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இளமதி கேட்டைத் தாண்டிவிட்டிருந்தாள். எழுதிய சீட்டு தேவகியின் கையில் இருந்தது. அதைப் போடுவதற்குக் குடம் இல்லை.