இடது பின்சக்கரம்

மின்கத்தி பாதித் தூரம் போய் நின்றுவிட்டது. டெஸ் அதை வெளியே இழுத்து, அதன் பல்லில் சிக்கியிருந்த ஃபோம் துகளை ஊதிவிட்டு, மறுபடி விசையை அழுத்தினார். மெத்தையின் மறுமுனையை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த அவர் மகள் லீயேன் தன் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரை. மூன்று மணிக்கு ஆம்புலன்ஸ் வரும். அம்மாவை ஸ்ட்ரீக்கி பே ஊருக்கு வெளியே இருக்கும் சின்ன விமானத் தளத்துக்குக் கொண்டுபோகும். ராத்திரிச் சாப்பாட்டு வேளைக்குள் அடிலெய்டு மருத்துவமனையில் ஒரு ஜன்னலோரப் படுக்கையில் இருப்பாள்.

அந்தப் படுக்கையைத் தேர்ந்தெடுத்தது லீயேன்தான். இருபத்திரண்டு வருடமாக மருத்துவமனை வார்டில் செவிலி. மனித உடம்பு எந்த இடத்தில் முதலில் புண்ணாகும் என்று அவளுக்குத் தெரியும். தலைமாட்டைப் பொத்தானை அழுத்தி உயர்த்தலாம், மெத்தைக்குள் காற்று மாறி மாறி ஏறி இறங்கும். முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் புற்றுநோய் பரவிய ஒருத்திக்கு அதைவிட நல்ல படுக்கை கிடையாது.

அம்மா நோலீன் அதை மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள். புது மெத்தையைப் போட்டு, தாங்கள் வாழும் வேனில் ஒரு மணி நேரம் படுத்துப் பார்ப்பாள். வலி குறையவில்லையென்றால் சத்தமில்லாமல் ஆம்புலன்ஸில் ஏறிக்கொள்வாள். குறைந்தால் இங்கேயே இருப்பாள். எத்தனை நாள் என்று யாரும் பேசவில்லை. லீயேன் தன் மனதுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கு நான்கு நாள், ஐந்து நாள்.

"கோட்டை விட்டு வெளிய போற, டெஸ்," என்றாள் நோலீன். மூன்று கம்பளிக்குள் புதைந்து மடக்கு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். வலிமருந்து இறக்கும் சின்ன இயந்திரம் துணிப்பைக்குள் அவள் மடியில் கிடந்தது.

"கோடு போட்டவ கை நடுங்கியிருக்கு," என்றார் டெஸ். "நான் கோட்டு மேலதான் போறேன்."

கத்தியைக் கொடுத்த ஹெய்ஸல் பக்கத்து வண்டியின் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இறைச்சி வெட்டுகிற கத்தி. கிறிஸ்துமஸ் வான்கோழிக்கு அப்புறம் இதற்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது, மெத்தையைத் துண்டு போட்டு முடித்ததும் அப்படியே கழுவாமல் தரவேண்டாம் என்றாள்.

கடல் பார்த்த மேட்டில் மொத்தம் ஒன்பது வண்டிகள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ நாட்டைச் சுற்றிக்கொண்டிருப்பவர்கள். நோலீனும் டெஸ்ஸும் பதினோரு வருடமாகச் சுற்றுகிறார்கள். அந்தப் பதினோரு வருடத்தில் லீயேன் ஒரு ராத்திரிகூட இந்த வேனில் படுத்ததில்லை. வார்டில் விடுப்புக் கிடைப்பதில்லை என்பாள். அதில் முக்கால்வாசி உண்மை.

பழைய மெத்தை வெளியே புல்லில் கிடந்தது. ஒரே துண்டு, நாலரை அடி அகலம். நடுவில் நீளமாக ஒரு பள்ளம். இரண்டு பேரும் ராத்திரியில் அதற்குள் உருண்டு வந்து சேர்ந்துவிடுவார்கள். பத்து வருடம் அதைப் பற்றி அம்மா புகார் சொன்னதில்லை. இப்போது அந்தப் பள்ளம்தான் இடுப்பைக் கொல்லுகிறது என்றாள். புது மெத்தை இரண்டு தனித்தனித் துண்டாக வேண்டும், ஆளுக்கு ஒன்று என்றும் சொன்னாள்.

டெஸ்ஸுக்கு அது உறுத்தியிருந்தது. நாற்பத்தொன்பது வருடத்துக்கு அப்புறம் தனிப்படுக்கை என்று ஹெய்ஸலிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். ஹெய்ஸல் சிரிக்கவில்லை.

போன வாரம் போர்ட் லிங்கனில் ஃபோம் விற்கிற கடைக்கு மூன்று பேரும் போனார்கள். கடைக்காரர் ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். நோலீன் வேனிலிருந்து தன் தலையணையை எடுத்து வந்தாள். செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தாள். ஒவ்வொரு மெத்தையிலும் ஒருக்களித்து, கண்ணை மூடி, நாற்பது நிமிடம் படுத்தாள். உட்கார்ந்து பார்த்து மெத்தை வாங்குகிறவன் நாற்காலி வாங்கப் போயிருக்க வேண்டும் என்றாள். முதல் பத்து நிமிடத்தில் எல்லா மெத்தையும் நல்ல மெத்தைதான், இருபதுக்கு மேல்தான் இடுப்பு வாயைத் திறக்கும் என்றாள். ஒவ்வொரு முறையும் எழுந்திருக்கும் முன் டெஸ்ஸின் கையை இடுப்புக்குக் கீழே, வளைவில் நுழைத்துப் பார்க்கச் சொன்னாள். கை சுலபமாகப் போனால் மெத்தை கல். போகவே முடியாமல் உடம்பு புதைந்திருந்தால் சேறு. உரசிக்கொண்டு போய் நின்றால் சரி. இரண்டாவது மெத்தையின்போது கடைக்காரர் தானாகவே ரேடியோவை அணைத்துவிட்டார்.

உடம்பின் வடிவத்துக்குக் குழிந்து கொடுக்கும் ஃபோமை அவள் உடனே ஒதுக்கினாள். அது வீட்டுக்குச் சரி, விடியற்காலைக் குளிரில் வேனுக்குள் பலகையாகிவிடும். கடைசியில் ரப்பர் மெத்தையும் சாதாரண ஃபோமும் மிஞ்சின. ரப்பரில் படுத்தபோது அம்மாவின் நெற்றிச் சுருக்கம் விரிந்ததை லீயேன் பார்த்தாள். வார்டில் அந்த நெற்றியைப் பார்த்துத்தான் மருந்தின் அளவைத் தீர்மானிப்பார்கள். நோலீன் எழுந்து உட்கார்ந்து, ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. டெஸ்ஸைத் தூக்கச் சொன்னாள். அவர் தூக்கினார், முகம் சிவந்தது.

"இது வேணாம்."

"அம்மா, உனக்கு இதுதான் நல்லாருக்கு. எனக்குத் தெரியுது."

"தினம் காலைல தூக்கி நிறுத்தணும். அடியில ஈரம் கோத்துக்கும். உங்கப்பனால முடியாது."

இன்னும் எத்தனை காலை என்று கேட்க லீயேன் வாயைத் திறந்தாள். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். லேசான ஃபோமை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

இப்போது கத்தி மறுமுனைக்கு வந்தது. ஃபோம் இரண்டாகப் பிரிந்து விழுந்தது. நோலீன் தன் துண்டைக் கொண்டுவரச் சொல்லி, அதைக் கவிழ்த்துத் தன் முழங்கால் மேல் சாய்த்துக்கொண்டாள். தச்சர் பென்சிலைக் கேட்டாள். எந்தப் பக்கம் தலைமாடு என்று குறிக்கிறாள் என லீயேன் நினைத்தாள். அதற்குக் கொஞ்சம் அதிக நேரமானது. பிறகு உறையைப் போட்டார்கள். வேனுக்குள் ப்ளைவுட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டு, காற்றுப் போக இடைவெளி விட்டு அடித்திருந்த ரீப்பர் மரச்சட்டங்களின் மேல் இரண்டையும் விரித்தார்கள். இடப்பக்கம், கதவோரம், நோலீனுடையது.

வண்டி சமமாக நிற்கிறதா என்று பார்க்க டெஸ் ரசமட்டத்தை எடுத்து அடுப்பு மேடையின் மேல் வைத்தார். குமிழ் நடுவில் நின்றது. கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

பன்னிரண்டு மணிக்கு லீயேன் அம்மாவைத் தோளோடு அணைத்துத் தூக்கிப் படுக்க வைத்தாள். அப்பா கால்களைப் பிடித்துக்கொண்டார். தூக்கும்போது எடை இல்லை. பின்கதவை மேலே உயர்த்தியிருந்ததால் கால்மாட்டில் கடல் தெரிந்தது. நோலீன் வலப்பக்கம் ஒருக்களித்தாள். ஒரு கால்மணி நேரம் பொறுத்தாள். பிறகு அவள் கை மெத்தை ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. மேலுதட்டில் வேர்வை.

லீயேன் மருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தாள். அடுத்த ஊசியைத் தயாராக எடுத்து வைத்தாள். சந்தோஷமாக இல்லை, ஆனால் ஒரு வாதம் முடிந்துவிட்டது போலிருந்தது. மெல்லக் குனிந்து, ஒரு மணி நேரம் ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை, இப்போதே கூப்பிட்டுச் சொன்னால் ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்துவிடும் என்றாள்.

நோலீன் கண்ணைத் திறக்கவில்லை.

"மெத்தை மேல தப்பு இல்ல," என்றாள். "வண்டி சாஞ்சிருக்கு. நான் விழுந்துடாம இருக்க உடம்பு முழுக்கப் பிடிச்சிட்டு கெடக்கேன்."

"ரசமட்டம் வச்சுப் பாத்தேனே, கிழவி."

"மேடை மேல வச்சுப் பாத்த. அந்த மேடைய யாரு போட்டது?"

போன குளிர்காலத்தில் அடுப்பு மேடையைப் புதிதாகப் போட்டது டெஸ்தான்.

"இடது பின்சக்கரம். ரெண்டு வெரல் தூக்கு."

லீயேனுக்கு இது அபத்தமாகப் பட்டது. எலும்பைத் தின்னுகிற நோய்க்குச் சக்கரத்தைக் குற்றம் சொல்லுகிறாள். அதற்குள் டெஸ் வெளியே இறங்கிப் போயிருந்தார். பழைய ரயில் கட்டையிலிருந்து அறுத்த துண்டுகளை வண்டிக்கு அடியில் எப்போதும் வைத்திருப்பார். ஒன்றை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளினார். லீயேன் படுக்கை ஓரத்தில் மண்டியிட்டு அம்மாவின் இடுப்பையும் தோளையும் பிடித்துக்கொண்டாள். இன்ஜின் அதிர்ந்தது. வண்டி ஒரு சாண் தூரம் பின்னால் நகர்ந்து, இடப்பக்கம் மெல்ல உயர்ந்து, நின்றது.

மெத்தை ஓரத்தைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிவதை லீயேன் பார்த்தாள். தோள் கீழே இறங்கியது. நெற்றி விரிந்தது. லீயேன் ரசமட்டத்தை எடுத்து இரண்டு மெத்தைகளுக்கும் நடுவே ரீப்பரின் மேல் வைத்துப் பார்த்தாள். குமிழ் சரியாக நடுவில் நின்றது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை பேரைப் படுக்க வைத்திருக்கிறாள். கட்டில் நிற்கும் தரையைப் பற்றி யாரும் அவளிடம் சொன்னதில்லை.

எடுத்து வைத்த ஊசி அப்படியே இருந்தது. நோலீன் தூங்கினாள். ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. இப்படி அவள் தூங்கி ஒன்பது நாளாகிவிட்டது என்று டெஸ் முணுமுணுத்தார். நாளை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது லீயேனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு மணிக்கு அவள் மேட்டின் ஓரத்துக்கு, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு, நடந்து போய் ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொன்னாள். எதிர்முனையில் இருந்த பெண் காரணம் கேட்டாள்.

"அம்மா தூங்கறாங்க," என்றாள் லீயேன்.

நான்கு மணிவாக்கில் நோலீன் விழித்து, இரண்டு கரண்டி தேநீர் குடித்தாள். நாற்காலிகளைப் போட்டுவிட்டார்களா என்று கேட்டாள். அந்த மேட்டில் தினமும் ஐந்து மணிக்கு ஆளுக்கொரு நாற்காலியையும் அவரவர் குடிக்கும் பானத்தையும் எடுத்துக்கொண்டு வட்டமாக உட்காருவார்கள். இன்னும் இல்லை என்றாள் லீயேன். நோலீன் தலையை அசைத்து மறுபடி கண்ணை மூடினாள். டெஸ் தன் பாதியில் ஏறி, பூட்ஸோடு, அவளைப் பார்த்தபடி படுத்துக்கொண்டார். இரண்டு மெத்தைக்கும் நடுவில் ஒரு கோடு இருந்தது. அதன் குறுக்கே அவர் கை போயிற்று.

மூச்சு மாறியதை லீயேன்தான் முதலில் கேட்டாள். வார்டில் என்றால் எழுந்து ஏதாவது செய்திருப்பாள். இங்கே அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் அலைச் சத்தம் நுழைந்தது. பிறகு அது மட்டும் இருந்தது. அவள் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டாள்.

வெளியே ஹெய்ஸல் நாற்காலியோடு வந்தாள். பின்கதவு வழியே ஒருமுறை பார்த்தாள். திரும்பிப் போய் மற்றவர்களிடம் ஏதோ சொன்னாள். கொஞ்ச நேரத்தில் நாற்காலிகள் எல்லாம் இடம் மாறி வேனுக்குப் பின்னால் வந்தன. வட்டமாக இல்லை, கடலைப் பார்த்து ஒரே வரிசையாக. யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. போத்தல்கள் திறக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஊரிலிருந்து செவிலி வந்து பார்த்து இறப்பை எழுதிக் கொடுத்தாள். இருட்டுவதற்குள் ஈமக்காரியம் செய்பவர்களின் வண்டியும் வந்தது. மணல் பாதை குறுகலானது என்பதால் டெஸ் வேனைக் கட்டையிலிருந்து இறக்கி முன்னால் நகர்த்த வேண்டியிருந்தது. அன்று ராத்திரி அவர் நாற்காலியிலேயே இருந்தார். லீயேன் தன் காரில் படுத்தாள்.

காலையில் அவள் எழுந்து வந்தபோது டெஸ் வழக்கம்போல மெத்தையை உலர்த்தத் தூக்கிக்கொண்டிருந்தார். தன் துண்டைச் சுலபமாக நிறுத்திவிட்டார். அம்மாவின் துண்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். லீயேன் உறையின் ஜிப்பைத் திறந்து உருவினாள். மெத்தையைத் திருப்பிச் சுவரில் சாய்த்தாள்.

அடிப்பக்கத்தில், சரிபாதியில், குறுக்கே ஒரு பென்சில் கோடு. இந்தப் பக்கம் 'உட்கார', அந்தப் பக்கம் 'சாய' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, கோணல் எழுத்தில்:

'டெஸ், வேணும்னா இங்க வெட்டிக்கோ. வேனுக்குள்ள உக்கார ஒரு இடம் வேணும். ஆனா அவசரப்படாத. முதல்ல லீயேன் ஒரு தடவை படுத்துப் பாக்கட்டும்.'

டெஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறை படித்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. போய் அணைத்தார். ரொட்டியைச் சுட்டு ஒன்றை அவளிடம் கொடுத்தார்.

வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் இரண்டு பேரும் மெத்தைகளை விரித்தார்கள். டெஸ் ரசமட்டத்தை எடுத்தார். அடுப்பு மேடையைப் பார்த்தார். எடுத்ததை மறுபடி இழுப்பறைக்குள் வைத்தார்.

"படு, கண்ணு."

லீயேன் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு ஏறினாள். இடப்பக்கத்தில், வலது தோள் கீழே இருக்க ஒருக்களித்தாள்.

"கண்ண மூடிக்கோ. அவ அப்படித்தான் பாப்பா."

மூடிக்கொண்டாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அலை, ஹெய்ஸலின் வண்டியிலிருந்து பாத்திரச் சத்தம், அப்பா மூச்சு விடுவது. நேரம் போயிற்று. பிறகு, எங்கோ இடுப்புக்குள், உடம்பு தன்னைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது புலப்பட்டது.

"இடது," என்றாள். "பின்னால. ஒண்ணரை வெரல்."

அவர் இறங்கும்போது வண்டி அசைந்தது. கட்டை மணலில் உரசியது. இன்ஜின் கிளம்பியது. இடப்பக்கம் மெல்ல மேலே வந்து நின்றது.

"போதுமா?" என்றார் வெளியிலிருந்து.

லீயேன் தன் கையை இடுப்பு வளைவுக்குக் கீழே நுழைத்தாள். அது உரசிக்கொண்டு போய், பாதியில் நின்றது.