முழங்காலைக் கடிக்கும் குதிரை

வியாழன் மாலை அருங்காட்சியகக் கூடத்தில் வழிகாட்டி வகுப்பின் இறுதித் தேர்வு. தேறினால் அங்கேயே வேலை. தேறாவிட்டால் கம்பளிக் காலணிப் பட்டறையே கதி.

ஆளுக்கொரு பொருளை விளக்க வேண்டும்; எனக்கு விழுந்தது ஏழாம் பெட்டியிலிருந்த வெண்கலத் தகடு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ இடைவாரில் அணிந்தது, உள்ளங்கை அளவுதான். ஒரு குதிரை முன்னங்காலை மடித்திருக்கிறது. இன்னொன்று அதன் முழங்காலில் வாய் வைத்திருக்கிறது. கீழே அச்சிட்ட குறிப்பு: ‘சோர்ந்த துணையைத் தேற்றும் குதிரை.’

தவறு என்று தோன்றியது. தோன்றுவதையெல்லாம் நம்புகிறவள் அல்ல நான். மூன்று மாலைகள் பெட்டி முன் உட்கார்ந்து பன்னிரண்டு முறை வரைந்தேன். பன்னிரண்டிலும் வாய் வைத்த குதிரையின் காதுகள் கழுத்தோடு ஒட்டிக் கிடந்தன.

தேர்வாளர் லுவ்சன்தக்வா தலைநகர் உலான்பாத்தரில் பிறந்து வளர்ந்தவர்; குதிரைகளோடு பழகாதவர். குறிப்பு எழுதியவரும் அவரே.

“பேசாம குறிப்புல இருக்கிறதைப் படிச்சிட்டு வாடி. வேலைதான் முக்கியம்” என்று கிசுகிசுத்தாள் கூடப் படிக்கும் ஹிஷிக்மா.

என் முறை வந்தது. பெட்டி முன் போய் நின்றேன்.

“ஐயா, இது தேத்துறது இல்ல. ரெண்டு பொலிகுதிரை சண்டை போடுது.”

“எப்படிச் சொல்ற, நர்மந்தாக்?”

“கொஞ்சுற குதிரை காதை இப்படி ஒட்ட வைக்காது, ஐயா. சண்டையில முழங்காலைத்தான் குறி வைக்கும். மத்தது காலைக் காப்பாத்த மடக்கிக்கும். பிடரிமயிரையும் பாருங்க, கத்தரிக்கல. விதையடிச்ச குதிரைக்குத்தானே நாம கத்தரிப்போம், பொலிகுதிரைக்கு இல்லையே?”

“அது இன்னைக்கு வழக்கம். அன்னைக்கும் இருந்துச்சா?”

தெரியாது. எல்லாமே தவறோ என்று தகட்டை மறுபடி பார்த்தேன்.

“அப்ப பிடரியை விட்டுடறேன், ஐயா. காதும் முழங்காலும் போதும்.” வகுப்பைத் திரும்பிப் பார்த்தேன். “இப்படிக் காதை வெச்ச குதிரைகிட்ட யாராவது போவீங்களா?”

கடைசி வரிசையில் மேய்ச்சல்காரர் மகன் தோர்லிக் எழுந்தான். “நான் போனேன், அக்கா. பதினோரு தையல்!” சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினான்.

“புத்திசாலி! அது தேத்தியிருக்கும்டா உன்னை!” என்றாள் ஹிஷிக்மா. அறையே சிரித்தது.

லுவ்சன்தக்வா சிரிக்கவில்லை. தழும்பைப் பார்த்தார். கண்ணாடிமேல் குனிந்து நெடுநேரம் தகட்டைப் பார்த்தார். பிறகு சாவி கேட்டு வாங்கிப் பெட்டியைத் திறந்தார்; தன் குறிப்பை எடுத்துப் பின்புறம் திருப்பி, பேனாவோடு என்னிடம் நீட்டினார்.

“ஒன்பது வருஷமா தப்பா நிக்குது. நீயே எழுதும்மா. திங்கக்கிழமை பத்து மணிக்கு வேலைக்கு வந்துடு.”

‘போரிடும் பொலிகுதிரைகள்’ என்று பெரிய எழுத்தில் எழுதினேன். தோர்லிக் மேசையைத் தட்டி, பந்தயக் குதிரை வென்றதுபோல் கூவினான். மற்றவர்களும் கூவினார்கள். நானும்தான்.